போர்க்காலச் சிப்பாய் வாட்ச்: வாங்கும் முன் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி

கண்ணாடிக்குக் கீழே டயல் பளிச்சென்று இருக்கும். பின்மூடியில் அம்புக்குறி ஆழமாக வெட்டியிருக்கும். விற்கிறவர், "நார்மண்டியில இறங்கின சிப்பாய் கட்டியிருந்தது சார்" என்பார். மூன்றும் ஒரே வாட்சில் சேர்ந்து வந்தால் அதை மெல்ல மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

பாரிமுனைப் பக்கம் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வாட்ச் ரிப்பேர் கடை. சாவி கொடுக்கிற வாட்ச்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. குவார்ட்ஸ் வந்ததும் படுத்துக்கொண்ட தொழில், பழைய வாட்ச் சேர்க்கிற பிள்ளைகளால் இப்போது கொஞ்சம் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அதிலும் இரண்டாம் உலகப்போர் சுவிஸ் வாட்ச் என்றால் தனி மோகம். வாட்ஸ்அப்பில் படம் வந்து விழும்.

"அண்ணே, இது ஒரிஜினலா?"

"தம்பி, பின்மூடியோட உள்பக்கம் படம் அனுப்பு."

"திறக்க விட மாட்டேங்கிறாருண்ணே."

"அப்ப வேண்டாம்."

பாதி விசாரணை இப்படியே முடிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ராணுவ வாட்ச் என்பது அரசாங்கச் சொத்து. பின்மூடி அம்புக்குறி, பிரிட்டிஷ் அரசு தன் சொத்துக்குப் போடும் அடையாளம். உடைந்தால் ராணுவப் பட்டறைக்குப் போகும். பிரிட்டிஷ் ராணுவத்தில் 1942-ல் தொடங்கிய ரீமி என்ற பொறியாளர் படைதான் இந்த வேலையைப் பார்த்தது. அங்கே ஒரு வாட்சின் முள் இன்னொன்றுக்குப் போகும், ஒன்றின் மூடி வேறொன்றின் மேல் உட்காரும். ஓடுகிறதா என்பதுதான் அவர்கள் கவலை, பிற்காலத்தில் நாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம் என்பதல்ல. ஆகவே உண்மையான சிப்பாய் வாட்சில் ஒட்டு இருக்கும். அந்த ஒட்டு எப்படி வந்தது என்று சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. ஒட்டே இல்லாத வாட்சைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

முதலில், எந்தக் காலத்து வாட்ச்?

விற்பவர் சொல்லும் கதையை ஆண்டோடு ஒப்பிடுங்கள். செலவில்லாத சோதனை இது.

இரண்டாம் போரில் பிரிட்டிஷ் தரைப்படைக்கு முதலில் வந்தவை ஏ.டி.பி. என்று பின்மூடியில் பொறித்த வாட்சுகள். பல சுவிஸ் கம்பெனிகளிடம், கடையில் விற்கும் மாடலையே கொஞ்சம் மாற்றி வாங்கியவை. பெரும்பாலும் வெள்ளை அல்லது வெள்ளி நிற டயல், 15 ஜுவல் (தேய்மானம் தடுக்கும் சின்னக் கற்கள்) மிஷின், குரோம் பூசிய கேஸ், இன்றைய கண்ணுக்குச் சின்ன அளவு. அம்புக்குறியும் ஒரு எண்ணும் பின்னால் இருக்கும். பார்க்க எளிமையாக இருப்பதால் யாரும் அதிகம் மதிப்பதில்லை. என்னைக் கேட்டால், உண்மையில் போரைப் பார்த்த வாட்ச் வேண்டும் என்பவர் வாங்க வேண்டியது இதைத்தான்.

எல்லோரும் தேடுவது அடுத்ததை. பின்மூடியில் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. என்று மூன்று எழுத்து. 'வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்' என்பதன் சுருக்கம், ராணுவக் கிடங்குப் பதிவேட்டுப் பாணியில். நான் மூணு டபிள்யூ என்றே சொல்கிறேன். பிரிட்டிஷ் அரசு ஒரே வரையறை எழுதிக் கொடுக்க, அதன்படி செய்து கொடுத்தவை பன்னிரண்டு சுவிஸ் கம்பெனிகள்: பியூரன், சைமா, எட்டர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., ஜேகர்-லெகூல்ட்ர், லெமானியா, லாஞ்சின்ஸ், ஒமேகா, ரெக்கார்ட், டைமர், வெர்டெக்ஸ். கறுப்பு டயல், எண்கள், 6 இருக்க வேண்டிய இடத்தில் சின்ன நொடி வட்டம், இருட்டில் ஒளிரும் முள், 12-க்கும் நடுவுக்கும் இடையில் அம்புக்குறி, உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி, 15 ஜுவல்.

இவை படைக்கு வந்து சேர்ந்தது 1945-ல். நார்மண்டியில் படை இறங்கியது 1944 ஜூன் 6. மூணு டபிள்யூவைக் காட்டி நார்மண்டி கதை சொல்கிறவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்கிறார். இரண்டுமே விலை பேச நல்ல ஆதாரம்.

விமானப்படை வாட்ச் வேறு. பின்மூடியில் ஏ.எம். (ஏர் மினிஸ்ட்ரியின் சுருக்கம்) என்றும் 6பி/159 (6B/159) என்றும் இருக்கும். ஒமேகா, லாஞ்சின்ஸ், ஜேகர்-லெகூல்ட்ர் மூன்றும் கொடுத்தன. வழிகாட்டும் நேவிகேட்டருக்கு நேரம் தவறினால் விமானம் எங்கே இருக்கிறது என்பதே தவறிவிடும், அதனால் இவற்றின் மிஷின் ஒரு படி உசத்தி.

எதிர்ப்பக்கமும் சுவிஸ் வாட்ச்தான் கட்டியது. ஜெர்மன் தரைப்படை வாட்சுகளின் பின்மூடியில் டி (D) என்ற எழுத்து, நடுவில் எண், கடைசியில் எச் (H). கறுப்பு டயல், சின்ன நொடி வட்டம். ஹெல்மா, ஆர்சா, மினெர்வா, சில்வானா, ஜெனித், ரெக்கார்ட், கிரானா என்று நீளும் பட்டியல். இவற்றில் பலவற்றின் உள்ளே ஓடுவது அடால்ஃப் ஷில்ட் செய்த ஏ.எஸ். 1130 மிஷின். ரெக்கார்டும் கிரானாவும் இரண்டு பட்டியலிலும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு, கடையைச் சாத்தவில்லை. ஐ.டபிள்யூ.சி. ஜெர்மன் விமானப்படைக்கு 55 மில்லிமீட்டர் பெரிய வாட்சும் செய்தது, பிரிட்டனுக்கு மூணு டபிள்யூவும் செய்தது. அந்தக் கம்பெனி இருக்கும் ஷாஃப்ஹவுசன் நகரம் ஜெர்மன் எல்லையை ஒட்டியது. 1944 ஏப்ரல் 1-ம் தேதி அமெரிக்க விமானங்கள் ஜெர்மனி என்று நினைத்து அந்த ஊர் மேலேயே குண்டு போட்டுவிட்டுப் போயின.

ஜெர்மன் வாட்ச் வாங்குகிறவருக்கு ஒரே எச்சரிக்கை: தரைப்படை வாட்சின் டயலில் ஸ்வஸ்திகா இருந்தால் அது நேற்று அடித்தது. பயமுறுத்தினால் விலை ஏறும் என்று நினைக்கிற ஆட்களின் வேலை.

முதல் உலகப்போர் வாட்சுகளுக்குக் கணக்கு வேறு. அவற்றில் பெரும்பாலானவை அதிகாரிகளும் சிப்பாய்களும் சொந்தக் காசில் வாங்கியவை. பீரங்கித் தாக்குதல் எத்தனை மணிக்கு நிற்கும், எத்தனை மணிக்குப் பதுங்குகுழியை விட்டு ஏற வேண்டும் என்பதெல்லாம் நிமிடக் கணக்கில் நடந்த போர் அது. சட்டைப்பையிலிருந்து பாக்கெட் வாட்சை எடுத்துப் பார்க்க நேரமில்லை, அதனால் பாக்கெட் வாட்சுக்கே கம்பிக் காது வைத்து மணிக்கட்டில் கட்டினார்கள். அரசு அம்புக்குறி அபூர்வம். அதற்குப் பதில் வேறொரு நல்ல சாட்சி உண்டு. 1907 ஜூன் முதல் பிரிட்டனுக்குள் வரும் வெள்ளி, தங்கக் கேஸ்கள் எல்லாம் அங்கே சோதனைக்குப் போய் முத்திரை வாங்க வேண்டும் என்று ஆனது. மூடியின் உள்பக்கம் லண்டன் அல்லது கிளாஸ்கோ முத்திரையோடு ஒரு ஆண்டு எழுத்தும் இருக்கும். பட்டியலில் ஒப்பிட்டால் ஆண்டு கிடைத்துவிடும். 1921 எழுத்தை வைத்துக்கொண்டு 1916-ல் நடந்த சோம் போர்க்களம் என்று சொன்னால் சிரித்துவிட்டு வரலாம்.

நம் பக்கம் கிடைப்பது வெஸ்ட் எண்ட் வாட்ச். பம்பாயில் 1886-ல் தொடங்கிய சுவிஸ் நிறுவனம், டயலில் 'பம்பாய் – கல்கத்தா' என்றே இருக்கும். முதல் போரில் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போன இந்தியப் படையினர் கையில் இந்த வாட்சுகள் இருந்தன. நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையும் அந்தப் போர்முனைக்குப் போனவர்கள். அதனால் வேலூர்ப் பக்கத்து வீட்டுப் பெட்டிகளில் ஒன்று கிடைத்தால் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் இதே வாட்சை ரயில்வே ஊழியரும் வாத்தியாரும் வியாபாரியும் கட்டினார்கள். பெயர் மட்டும் போதாது. படைப்பிரிவின் பெயரோ எண்ணோ பொறித்திருக்க வேண்டும், இல்லை கூடவே தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்க வேண்டும்.

பின்மூடி எழுத்து

கையில் எடுத்ததும் எல்லோரும் டயலைப் பார்க்கிறார்கள். நான் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பேன். ஏமாற்றுகிறவருக்கு மிக எளிதான இடம் அதுதான், ஆகவே அகப்படுவதும் அங்கேதான்.

பத்து மடங்கு பெரிதாக்கும் ஐ-கிளாஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, வெளிச்சம் மூடியின் மேல் தவழ்ந்து போகிற மாதிரி வையுங்கள். இப்போது அம்புக்குறியின் ஒரு காலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் குறுக்கே கடக்கிற ஒரு கீறலைத் தேடுங்கள். எண்பது வருடம் மணிக்கட்டிலும் டிராயரிலும் கிடந்த மூடியில் கீறல் இல்லாமல் இருக்காது. அந்தக் கீறல் எழுத்தின் பள்ளத்துக்கு வரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். எழுத்தின் விளிம்பை மழுக்கிக்கொண்டு மறுகரைக்குத் தாண்டிப் போனால் எழுத்து முதலில் வந்தது, கீறல் பிறகு வந்தது. சரி. கீறல் ஓடி வந்து பள்ளத்தில் கத்தியால் வெட்டின மாதிரி நின்று, மறுகரையில் கூர்மையாகத் தொடர்ந்தால் எழுத்து புதுசு, பழைய மூடியில் பிற்பாடு வெட்டியது. பள்ளத்தின் அடியையும் பாருங்கள். பழைய எழுத்தில் கறுத்த அழுக்கு இறுகியிருக்கும், ஆழம் ஒரே சீராக இருக்காது. லேசரில் வெட்டியது எல்லா இடத்திலும் ஒரே ஆழம், அடியில் கருகிய சொரசொரப்பு. அழுக்கைக்கூட ஷூ பாலிஷ் தேய்த்து வரவழைப்பார்கள். பல் குத்தும் குச்சியால் தொட்டால் வந்துவிடும்.

மூணு டபிள்யூவில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கம்பெனியின் வரிசை எண். மற்றது ராணுவ எண், முன்னால் ஒரு ஆங்கில எழுத்தோடு. ஒமேகாவுக்கு ஒய், வெர்டெக்ஸுக்கு ஏ, சைமாவுக்கு பி (P), ரெக்கார்டுக்கு எல். டயலில் ஒமேகா, மூடியில் பி என்று இருந்தால் மூடி சைமாவினுடையது. இது மோசடி என்று உடனே சொல்ல முடியாது, பட்டறையில் மாறியிருக்கலாம். விலையில் மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

கூடுதல் எழுத்துகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். போர் முடிந்ததும் இந்த வாட்சுகளில் ஒரு பகுதி டச்சு ராணுவத்துக்குப் போய், அங்கிருந்து இந்தோனேசியாவரை போனது. ஏ.டி.ஆர்.ஐ. என்று பொறித்தவை இந்தோனேசியத் தரைப்படையினுடையவை. பழைய எழுத்தை அடித்துவிட்டுப் புது எண் போட்டதும் உண்டு. எனக்கு அப்படிப்பட்ட மூடிகள்தான் பிடிக்கும். அத்தனை அலங்கோலமாகப் போலி செய்ய யாருக்கும் பொறுமை கிடையாது.

டயலும் ரேடியமும்

டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்பது இந்தியாவில் பெரிய கைத்தொழில். மும்பையில் அடித்து உலகம் முழுக்கப் போகிறது. புது டயல் என்று சொல்லி விற்றால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, பழைய ஃபேவர் லூபா ஒன்றை மறுபடி கட்டிப் பார்க்க ஆசைப்படும் பெரியவருக்கு அது நல்லதுதான். சாதாரண வாட்சில் கறுப்புப் பெயின்ட் அடித்து, அம்புக்குறி போட்டு, சிப்பாய் வாட்ச் என்று விற்பதுதான் பிரச்சினை.

எப்படிக் கண்டுபிடிப்பது? நிமிடக் கோடுகளின் வளையத்தை முழுசாக ஒரு சுற்று பாருங்கள். அச்சு டயலில் ஒவ்வொரு கோடும் ஒரே தடிமன், வளையம் நடுத்துளைக்கு ஒரே தூரம். பெயின்ட் டயலில் எங்கோ ஓர் இடத்தில் கோடு எண்ணைத் தொடும், அல்லது சின்ன நொடி வட்டத்தின் வளையங்கள் மையத்தை விட்டு ஒதுங்கும். மிஷினிலிருந்து டயலைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். பெயின்ட் அடிக்கிறவர்கள் 12 எந்தப் பக்கம் என்று தெரிய ஓரத்தில் அரத்தால் ஒரு சின்ன வெட்டு போடுவதுண்டு. அடியில் 'டி சுவிஸ் டி' (T SWISS T) என்று எழுதியிருந்தால் அது 1960-கள் முதல் டிரிட்டியம் என்ற பிற்கால ஒளிரும் பெயின்டுக்குப் போட்ட குறி, போர்க்கால டயலில் வராது.

இங்கே ஒரு விலக்கு உண்டு. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறையே பல மூணு டபிள்யூ வாட்சுகளில் ரேடியம் டயலை எடுத்துவிட்டு டிரிட்டியம் டயல் போட்டது. அவற்றில் கம்பெனிப் பெயர் இல்லாமலும் இருக்கும், வட்டத்துக்குள் டி (T) என்ற எழுத்து இருக்கும். இவை போலி அல்ல. விலை குறைவு, தினமும் கட்டுவதற்கு நான் இவற்றையே சிபாரிசு செய்வேன். காரணம் கீழே.

பைக்கில் ஒட்டுகிற ஒளிரும் ஸ்டிக்கரையும் நாம் ரேடியம் என்கிறோம். அதை மறந்துவிடுங்கள், இது நிஜ ரேடியம். துத்தநாக சல்ஃபைடு என்ற பொடியில் துளி ரேடியத்தைக் கலந்து முள்ளிலும் டயலிலும் தடவினார்கள். ரேடியத்தின் கதிர் பட்டு அந்தப் பொடி ராவெல்லாம் ஒளிரும். பொடி சில வருடங்களில் களைத்துப்போய் ஒளி செத்துவிடும். ரேடியம் சாகாது, அது பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். ஆக, ஒளிராத வாட்சிலும் கதிர்வீச்சு இருக்கிறது.

இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்து, கள்ளநோட்டு பார்க்கிற நீல டார்ச்சை டயலில் ஒரு நிமிடம் அடியுங்கள். அணைத்த பிறகும் பச்சையாகப் பல நிமிடம் ஒளிர்ந்தால் பெயின்ட் புதுசு. டார்ச் அடிக்கும்போது லேசாக மினுங்கி, அணைத்ததும் அணைந்துபோனால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். பகலில் நிறத்தைப் பாருங்கள். பழைய ரேடியம் பெயின்ட் வைக்கோல் நிறத்திலிருந்து காபிக்கொட்டை நிறம்வரை இருக்கும், நுண்ணிய வெடிப்புகள் ஓடும். முள்ளும் டயலும் ஒரே நிறமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, முள் மாறியிருக்கலாம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த சாட்சி. வாட்ச் நின்றுபோய் வருடக்கணக்காக டிராயரில் கிடந்திருந்தால், முள் நின்ற இடத்துக்கு நேர் கீழே டயலில் பழுப்பு நிழல் விழுந்திருக்கும். ரேடியம் சுட்ட தழும்பு. முள்ளைச் சுற்றிவிட்டுப் பாருங்கள், நிழல் மட்டும் அங்கேயே நிற்கும். வெளிர்நிற டயல் உள்ள ஏ.டி.பி.யில் நன்றாகத் தெரியும். அப்படித் தழும்பு உள்ள டயலை அழகில்லை என்று யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது எச்சரிக்கை. மூடிய வாட்சில் கண்ணாடியும் கேஸும் கதிரில் ஒரு பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆபத்து அந்தப் பொடி உடம்புக்குள் போவதில் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ரேடியம் பெயின்ட் பூசிய இளம்பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள், பலர் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். அதனால் சாப்பாட்டு மேசையில் வைத்து வாட்சைத் திறக்காதீர்கள். உதிர்ந்த பெயின்டைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். பார்த்து முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். படுக்கையறையில் தலைமாட்டில் வேண்டாம். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு கசியும், ஆகவே ஏழெட்டு வாட்சை ஒரே அடைத்த பெட்டியில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது 'இதில் ரேடியம் இருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். சொல்லாமல் கொடுப்பது எங்கள் தொழில்காரர்களுக்குச் செய்கிற துரோகம். எங்கள் ஆட்களில் பலர் அந்தப் பொடியை வாயால் ஊதித்தான் துடைப்பார்கள்.

மிஷின்

பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மூணு டபிள்யூவில் மூடி மரையில் திருகுவது, ஐ.டபிள்யூ.சி.யில் மட்டும் அழுத்தி மூடுவது. அதற்கு மரையுள்ள மூடி காட்டினாலே கேஸ் வேறு. வெளியே இருந்த அம்புக்குறி மூடியின் உள்ளேயும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வெட்டுகிறவர்கள் உள்ளே வெட்ட மறந்துவிடுவார்கள்.

மிஷினின் பெயர் எங்கே என்று தேடாதவர் நிறைய. பேலன்ஸ் சக்கரம் சுற்றுகிற இடத்துக்கு அடியில், தகட்டின் மேல் சின்னதாக ஒரு முத்திரையும் எண்ணும் இருக்கும். சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே ஐ-கிளாஸ் வைத்து எட்டிப் பார்க்க வேண்டும். ஏ.எஸ். 1130 என்று அங்கேதான் தெரியும். பெரிய கம்பெனிகள் மேல் பாலத்திலேயே பெயர் போட்டிருக்கும். ஒமேகாவில் 30டி2 (30T2), ஐ.டபிள்யூ.சி.யில் 83, ஜேகர்-லெகூல்ட்ரில் 479, லாஞ்சின்ஸில் 12.68இசட், சைமாவில் 234. இந்த எண் வேறாக இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். 15 ஜுவல் இருக்க வேண்டிய இடத்தில் 17 ஜுவல் எஃப்.எச்.எஃப். மிஷின் இருந்தால் அது நம் ஊரில் ஆயிரக்கணக்கில் கிடைத்த போருக்குப் பிந்தைய சாதாரண வாட்சின் மிஷின்.

ஓட்டத்தைப் பார்க்க, சாவியைக் கடைசிவரை கொடுங்கள். நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் முறுக்காதீர்கள். டயல் மேலே இருக்கும்படி கொஞ்ச நேரம், கவிழ்த்துக் கொஞ்ச நேரம், சாவி கீழே இருக்கும்படி கொஞ்ச நேரம் வைத்துக் கேளுங்கள். சத்தம் ஒரு நிலையில் மட்டும் மந்தமானால் பேலன்ஸின் ஊசி தேய்ந்திருக்கிறது. நாளுக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பின் போனால் கவலை வேண்டாம், சர்வீஸில் சரியாகும். திடீரென்று மணிக்கு பல நிமிடம் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கிறது. ஸ்பீக்கர், செல்போன் கவர் காந்தம் எல்லாம் இந்தப் பழைய மிஷினின் முடிபோல மெல்லிய சுருளுக்கு (ஹேர்ஸ்பிரிங்) எதிரி. காந்தம் எடுக்க ஐந்து நிமிட வேலை, அதற்குப் போய் மிஷின் மாற்ற வேண்டும் என்று சொல்கிற கடையை விட்டு வந்துவிடுங்கள்.

விலையும் காகிதமும்

பன்னிரண்டில் கிரானாதான் மிகக் குறைவாகச் செய்யப்பட்டது, விலையும் அதற்குத்தான் உச்சம். ஆகவே போலியும் அதில்தான் அதிகம். ஐ.டபிள்யூ.சி. சுமார் 6,000 வாட்சும், ஒமேகா சுமார் 25,000 வாட்சும் செய்ததாகச் சொல்வார்கள். சைமாவும் ரெக்கார்டும் ஒப்பீட்டில் கைக்கு எட்டும். முதல் முறை வாங்குகிறவர் சைமாவில் தொடங்கலாம். மிஷின் முரட்டு மிஷின், உதிரி பாகமும் கிடைக்கும். பன்னிரண்டையும் சேர்க்க வேண்டும் என்று ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அவர்கள் வீட்டுக்காரம்மாவின் முகம்தான் நினைவுக்கு வரும்.

சில வாட்சுகளுக்கு அம்புக்குறியும் கிடையாது, ராணுவ எண்ணும் கிடையாது, காகிதம்தான் எல்லாம். ஜெர்மன் முகாம்களில் கைதியாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு, போர் முடிந்தபின் பணம் கொடுத்தால் போதும் என்று ரோலெக்ஸ் அதிபர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் ஜெனீவாவிலிருந்து வாட்ச் அனுப்பி வைத்தார். ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து 1943-ல் கிளைவ் நட்டிங் என்ற கைதி எழுதி வரவழைத்த க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்) இன்று பேசப்படுவதற்குக் காரணம், கம்பெனியோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தும் கூடவே பிழைத்ததுதான். அந்தக் கடிதங்கள் இல்லையென்றால் அது இன்னொரு பழைய ரோலெக்ஸ். 'கைதி வாட்ச்' என்று வாயால் சொல்கிறவரிடம் கடிதத்தைக் கேளுங்கள்.

வாங்கியாயிற்று என்றால் கட்டுவதில் இரண்டு விஷயம். காதுகளுக்கு இடையே உள்ள கம்பி இவற்றில் பலவற்றில் கழற்ற முடியாதது, கேஸோடு பற்றவைத்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு ஸ்பிரிங் கம்பி போட்டுத் தருகிறேன் என்று ரோட்டோரத்தில் சொன்னால் சம்மதிக்காதீர்கள், பாதி மதிப்பு அங்கேயே போகும். கம்பிக்கு அடியில் நுழைத்து எடுக்கிற ஒற்றைத் துணிப்பட்டை வாங்கிப் போடுங்கள், வியர்வை ஊருக்கு அதுதான் வசதியும். அடுத்தது தண்ணீர். மூடியில் உள்ள மூன்றாவது டபிள்யூ, அதாவது வாட்டர்ப்ரூஃப், 1945-ல் உண்மை. இன்றைக்குக் கை கழுவும்போதுகூடக் கழற்றி வையுங்கள். கீழே போடாமலும் பாருங்கள், பலவற்றில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு கிடையாது, ஒரு விழுதலில் பேலன்ஸ் ஊசி முறியும்.

பணம் கொடுக்கும் முன் ரசீது. அதில் 'பழைய சுவிஸ் வாட்ச் ஒன்று' என்று எழுதி வாங்கினால் பயனில்லை. கம்பெனிப் பெயர், மூடியில் உள்ள இரண்டு எண்கள், மிஷின் எண், டயல் பழையதா மறுபடி அடித்ததா, முள் மாறியதா என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். அடியில் 'சொன்னது தவறானால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி, கையெழுத்து, தேதி. நல்ல வியாபாரி ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுப்பார். டயல் வரிக்கு வந்ததும் பேனா நின்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.